பச்சை உடம்பு

விசைத்தறிகள் இரவு பத்து மணிக்கு நின்றன. பகலெல்லாம் தெருவை அடித்துக்கொண்டிருந்த தாளம் அடங்கியதும், எதிர்வீட்டுப் பின்கட்டில் மாடு முக்குகிற மூச்சு என் திண்ணை வரைக்கும் கேட்டது. எழுந்து போனேன். கொட்டகைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய உரலின் மேல் உட்கார்ந்தேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாடு கன்று போடுகிற இடத்துக்கு அக்கம்பக்கத்தார் வருவது பொதட்டூர்பேட்டையில் வழக்கம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஒரு பக்கம் தறிக்கொட்டகை. நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. இந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. சுவரெல்லாம் நூல் தூசி படிந்து நரைத்திருக்கிறது. நெசவை நம்பிய ஊர் இது. தறிக்கூலி குறைகிற வாரத்தில் உலை கொதிப்பது பால் காசில். மாடு செவலை, ஜெர்சிக் கலப்பு, இது மூன்றாம் ஈத்து.

பதினொன்றேகாலுக்குக் கன்று வைக்கோலில் கிடந்தது. கிடேரி. அந்த வீட்டு ஆயாவின் மகன் முகம் மலர்ந்துவிட்டது. மருமகள் கதவருகிலிருந்தே, “கெடேரியா? கெடேரிதானே?” என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். ஆயா கன்றின் மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை விரலால் வழித்தாள். வைக்கோலைச் சுருட்டி உடம்பைத் தேய்த்தாள். குளம்பு நுனியில் துருத்திய மெத்தென்ற வெள்ளையைக் கிள்ளி எறிந்தாள். மாடு திரும்பி நக்க ஆரம்பித்தது. எல்லார் கண்ணும் கன்றின் மேல். ஆயா மட்டும் எழுந்து, மகன் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு மாட்டின் பின்னால் போய் நின்றாள்.

அந்தக் கிழவி அங்கே என்ன பார்த்தாள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருந்தது. ஈரமான செம்பழுப்பு, இடையிடையே வெளிறிய நரம்பு, முழங்கால் வரை நீளம். மாட்டின் கருப்பை உள்சுவரில் எழுபதிலிருந்து நூற்றிருபது வரை சிறு மேடுகள் உண்டு. கன்றின் பக்கத்துக் கொடியில் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பூக்கள் உண்டு. சட்டைப் பொத்தானும் காஜாவும் போல ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டுதான் ஒன்பது மாதமும் கன்று வளர்கிறது. பிறந்தபின் ஒவ்வொரு பொத்தானும் தானாகக் கழல வேண்டும். ஆறு மணி, எட்டு மணி நேரம் ஆகலாம். பன்னிரண்டைத் தாண்டினால் கவலை. ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டினால் நஞ்சு தங்கிவிட்டது என்று வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

“முள்ளங்கி எங்கடா?” என்றாள்.

சாயந்திரமே வாங்கி நனைந்த துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஒரு முழு வெள்ளை முள்ளங்கி. கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தின்னக் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காய், வெல்லமும் உப்பும் சேர்த்து. பன்னிரண்டு மணி நேரமாகியும் விழாவிட்டால், கொடியை அடியோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு அறுத்துவிட வேண்டும். முடிச்சு தானாக உள்ளே போய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் கையை விட்டு இழுக்கக் கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, பரம்பரை மாட்டு வைத்தியத்தைத் திரட்டி ஒழுங்குபடுத்திய முறை இது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் நாடு முழுக்கப் பரப்புகிறது. ஆயாவுக்குப் பேராசிரியரையும் தெரியாது, வாரியத்தையும் தெரியாது. கால்நடை மருந்தகத்து டாக்டர் சொன்னார், மனதில் வைத்துக்கொண்டாள்.

நள்ளிரவுக்குமேல் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர். அக்கறையோடுதான் வந்தார்.

“இன்னா ஆயா, கொடி இன்னும் உழலியா?”

“நேரம் கீது.”

“ஒரு செங்கல்லக் கட்டி உட்டா பாரத்துக்கு உழுந்துடும். இல்லன்னா சொல்லு, கைய உட்டு எடுக்கற ஆளு ஒருத்தன் கீறான், போன் பண்றேன்.”

ஆயா அவரைப் பார்க்கவே இல்லை. மாட்டின் வால் அடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “பச்சை ஒடம்புப்பா அது.”

அவ்வளவுதான். அவர் அதற்குமேல் பேசவில்லை. எனக்கும் அந்தச் சொல் உள்ளே தைத்தது. பெற்றுப் பிழைத்து வந்த பெண்ணுக்கு நாம் சொல்லும் சொல் அது. நாற்பது நாள் பச்சை உடம்பு. காற்றுப் படாதே, கனம் தூக்காதே, பத்தியம் இரு என்று வீடே காவல் நிற்கும். கன்று போட்ட மாட்டுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு விடிந்ததும் வாளி வந்துவிடுகிறது.

ஆயா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இரவு இரண்டு மணிக்கு, மகனும் தூங்கப் போன பிறகு, தெரிந்தது. இதற்கு முன் ஒரு கறுப்புப் பசு இருந்தது. அதற்கும் கொடி தங்கியது. ஆள் வந்து கையை விட்டு இழுத்து எடுத்தார். கொடி வந்துவிட்டது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பத்தாம் நாள் காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, பின்னால் சீழ், தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. பிழைத்தது, ஆனால் நான்கு தரம் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. கடைசியில் தரகரிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். “வண்டி திரும்பற வரைக்கும் என்னையே பாத்துகினு போச்சு,” என்றாள். என்னிடம் சொன்னாளா, செவலையிடம் சொன்னாளா தெரியாது. மாட்டிடம் அவள் பேசுவது பெரும்பாலும் தெலுங்கில். இந்த ஊர் இருக்கிற திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இங்கே பலருக்கு நாக்கு ஒன்று, மொழி இரண்டு.

கையை விட்டு இழுத்தால் என்ன ஆகிறது? கழலாத பொத்தானைப் பிய்க்கிறோம். துணியும் கிழிகிறது. கிழிந்த இடத்தில் கிருமி குடியேறுகிறது.

பொத்தான் தானாகக் கழல்வது எப்படி என்பதில்தான் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. கொடி பாதி தகப்பன் சொத்து. தாயின் உடம்புக்கு அது அந்நியம். சினைக் காலத்தில் கண்டும் காணாமல் விட்டிருந்த தாயின் வெள்ளணுக்கள், மாதம் நிறைந்ததும் அதை அந்நியமென்று அடையாளம் கண்டு, படை திரண்டு வந்து, பிடிப்பை அறுக்கின்றன. அந்தப் படையைக் கூப்பிடும் குரல் இன்டர்லூக்கின்-8 என்கிற புரதம். 2002-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விஞ்ஞானிகள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நஞ்சு தங்கிய மாடுகளின் வெள்ளணுக்கள் கன்று போடுவதற்கு முன்பே மந்தமாக இருந்தன. அந்தக் குரலும் அவற்றின் ரத்தத்தில் குறைவாக இருந்தது. கொடி விழுமா விழாதா என்பது அந்த ராத்திரியில் தீர்மானமாவதில்லை. நிறைசினையில் அந்த மாடு என்ன தின்றது, எப்படி இருந்தது என்பதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. கடைசி இரண்டு மாதம் பால் வற்ற விட்டு, புண்ணாக்கும் தவிடும் பச்சைத்தழையும் தாது உப்பும் கொடுத்திருந்தாள் ஆயா. பால் இல்லாத மாட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்ததை நான் திண்ணையிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

விடியற்காலை ஐந்தேமுக்காலுக்குக் கொடி விழுந்தது. தொப்பென்று, ஈரச்சாக்கு விழுவது போல ஒரு சத்தம். ஆயா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தவள் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிட்டாள். மாடு தின்றுவிடக் கூடாது, நாய் இழுத்துவிடக் கூடாது. அதைத் தரையில் விரித்து, முழுசாக வந்ததா என்று ஓரம் ஓரமாகப் பார்த்தாள். கிழிசல் இல்லை. பூக்கள் எல்லாம் இருந்தன. “உழுந்துடுச்சுடா,” என்று மகனை எழுப்பிய குரலில் ராத்திரி முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சு இருந்தது.

வைக்கோல் வைத்துப் பழைய கோணியில் கட்டி, மகன் ஊருக்கு வெளியே இருக்கிற ஆலமரத்துக்குக் கொண்டுபோனான். நானும் பின்னால் போனேன். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. விழுதுகளுக்கு நடுவே ஏற்கெனவே நான்கைந்து மூட்டைகள் தொங்கின. ஒன்று சுருங்கிக் காய்ந்து தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. இன்னொன்றில் ஈ மொய்த்தது. மகன் எட்டிக் கட்டிவிட்டு, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

அன்று சீம்பால். முதலில் கன்று வயிறாரக் குடித்தது, ஆயா அதில் கண்டிப்பு. மிச்சத்தைக் காய்ச்சி ஏலக்காய் தட்டிப்போட்டு எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

இனி நடந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதனால்தான் ஒருவரும் கவனிப்பதில்லை.

கன்று போட்ட அன்று மாட்டின் கருப்பை ஏறக்குறைய ஒன்பது கிலோ. ஐந்தாம் நாளுக்குள் அதன் அகலம் பாதியாகிறது. ஒரு வாரத்தில் எடை பாதி. இரண்டு வாரத்தில் நீளம் பாதி. மாதம் முடியும்போது ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எட்டுக் கிலோ சதையை ஒரு மாதத்தில் கரைக்கிறது அந்த உடம்பு. அதே நேரத்தில் வாளி நிறையப் பாலும் சுரக்கிறது. மேடுகள் இருந்த இடமெல்லாம் புண். அழுகிய மேல்சதை பன்னிரண்டு நாளில் உதிர்கிறது. அதன்மேல் மெல்லிய புதுத்தோல் படர இருபத்தைந்து நாள் பிடிக்கிறது. அடிச்சதை சரியாக ஆறு வாரம், எட்டு வாரம்.

வாய் திறந்த கருப்பைக்குள் கிருமி போகாமல் இருக்குமா? முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலான மாடுகளின் கருப்பையில் கிருமி இருக்கத்தான் செய்கிறது. கிருமி போவதால் மட்டும் நோய் வந்துவிடாது. உடம்பு அதைத் துரத்தத் தவறினால்தான் நோய். துரத்துகிற வேலையை மரபணுக்கள் செய்விக்கின்றன. இதை எழுத எனக்குத் தறியைத் தவிர வேறு உவமை கிடைக்கவில்லை, மன்னியுங்கள். சேலைக்கரையில் பூ விழுகிற ஜக்கார்டு தறியில் பாவு முழுக்க எல்லா இழையும் இருக்கும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்து இழை மேலே தூக்கும். மற்றது சும்மா கிடக்கும். அட்டை மாறினால் பூ மாறும், பாவு மாறாது. மாட்டின் காதிலும் குளம்பிலும் கருப்பையிலும் ஓடுவது ஒரே பாவு, சுமார் 22,000 மரபணுக்கள். 2009-ல் டொமினெட் என்கிற ஹெர்ஃபோர்டு பசுவின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்து வெளியிட்டபோது உலகத்துக்கு இந்தக் கணக்கு கிடைத்தது. கருப்பையில் அந்த வாரம் எந்த இழை தூக்குகிறது என்பதுதான் மாட்டின் தலைவிதி.

கன்று போட்ட முதல் வாரத்தில் காவல் இழைகள் தூக்குகின்றன. டி.எல்.ஆர்.4 என்றொரு மரபணு. அது உண்டாக்கும் புரதம் கருப்பைச் சுவரில் வாசல்காரனைப் போல நின்று, ஈ.கோலை போன்ற கிருமிகளின் மேலுறையைத் தொட்டுப் பார்த்தே ஆளை அறிந்துகொள்ளும். உடனே இன்டர்லூக்கின்-1, 6, 8 என்று வரிசையாக மணி அடிக்கும். வெள்ளணுக்கள் ஓடிவரும். அங்கே வீக்கம், சூடு, கசிவு. இந்த வீக்கம் வேண்டியதுதான். நல்ல மாட்டுக்கும் உண்டு. நாட்கள் போகப்போக மணியோசை அடங்க வேண்டும். இன்டர்லூக்கின்-10 போல, அமைதிப்படுத்துகிற இழைகளும் உண்டு. 2009-ல் பிரிட்டனில் பால் மாடுகளின் கருப்பைச் சுவரிலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு சினை பிடிக்காமல் போன மாடுகளில், முதல் வாரத்திலேயே இன்டர்லூக்கின்-1 அதிகமாகவும், அதற்கு எதிரான இன்டர்லூக்கின்-10 அந்த அளவுக்கு ஈடுகொடுக்காமலும் இருந்தது. மூன்றாம் மாதம் ‘சினை நிக்கல’ என்று நாம் தலையில் கை வைக்கிறோமே, அதன் விதை கன்று போட்ட வாரத்திலேயே விழுந்துகிடந்திருக்கிறது.

ஆயா இதில் ஒரு எழுத்தும் படித்தவளில்லை. ஆனால் தினம் காலையில் பால் கறக்கும் முன் மாட்டின் பின்னால் போய் நின்றாள். வாலைத் தூக்கிப் பார்ப்பாள். தரையில் விழுந்திருப்பதைக் குச்சியால் தொட்டு, குனிந்து மோந்து பார்ப்பாள். முகம் சுளிக்காமல் பார்ப்பாள். முதல் நாட்களில் சிவப்பு. ஒரு வாரத்தில் வெல்லப்பாகு நிறம். பதினைந்தாம் நாளுக்குமேல் கசிவு குறைந்து, கடைசியில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக ஒரு இழை. “நாத்தம் இல்ல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நிறமும் மணமும்தான் டாக்டர்களும் பார்க்கிற அடையாளம். 21 நாளுக்குள் நாற்றமடிக்கும் செம்பழுப்பு நீரும் காய்ச்சலும் வந்தால் ஒரு பெயர்; 21 நாள் கழித்தும் சீழ் வந்தால் இன்னொரு பெயர். 2006-ல் மார்ட்டின் ஷெல்டன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் இப்படி வரையறுத்தார்கள். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வருகிற பிள்ளைகளும் இதையெல்லாம் பாடமாகத்தான் கற்கிறார்கள். ஆயா குச்சியும் மூக்கும் வைத்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நின்றாள். படிப்பும் அனுபவமும் ஒரே கொட்டகையில் சந்திப்பதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது.

வாரம் ஒரு முள்ளங்கி, நான்கு வாரத்துக்கு. அதையும் விடவில்லை.

நாற்பத்தோராம் நாள் செவலை கத்தியது. தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. பருவத்துக்கு வந்துவிட்டது. அந்த வாரம் தறிக்கு நூல் வரவில்லை, மகன் வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருக்கிறவனுக்குக் கணக்கு நன்றாக ஓடும்.

“நாளைக்கே ஊசி போட்டுடலாம்மா. சீக்கிரம் நின்னா சீக்கிரம் அடுத்த ஈத்து.”

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“அறுபது நாளு ஆவட்டும்னாரு.”

“அப்ப ஆவட்டும்.”

“கத்துதேம்மா.”

“கத்தட்டும். உள்ள ஆறணும்.”

மேல்தோல் மூடியிருக்கும், அடிச்சதை இன்னும் ஆறிக்கொண்டிருக்கும் நாள் அது. இப்படி ஊசி போட்டு நிற்காமல் போனால் ஊசிச் செலவும் போகும், இருபத்தொரு நாளும் போகும். மகன் கோபித்துக்கொண்டு தறிக்கொட்டகைக்குள் போய்விட்டான். அம்மாவோ பிள்ளையோ ஒருவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஆயா சொன்னதுதான் சரி. எத்தனை தரம் யோசித்தாலும் அதுவே சரி.

அறுபத்திரண்டாம் நாள் செவலை மறுபடி கத்தியது. காலையில் கத்தியதற்குச் சாயந்திரம் மருந்தகத்திலிருந்து வந்து ஊசி போட்டுப் போனார்கள். வெள்ளைக்கரு போல ஒரு இழை தெளிவாக வடிந்ததை டாக்டர் பார்த்து, “சுத்தமா இருக்கும்மா,” என்றார். ஆயா தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் மாதம் கையில் உறை மாட்டிப் பார்த்து, சினை என்று உறுதி சொன்னார்கள். மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். கூட்டிப் பாருங்கள், ஒரு வருஷத்துக்குள் அடுத்த கன்று. அவசரப்பட்ட மகனுக்கும் கணக்கு ஒத்துப்போனது.

உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு வீட்டில் மாடு கன்று போட்டிருக்கும். பார்க்கப் போவீர்கள், கன்றைத் தடவிக் கொடுப்பீர்கள், சீம்பால் கிடைக்குமா என்று கேட்பீர்கள். போகிறபோது ஒரு நிமிடம் தாயின் பின்னால் போய் நின்று பாருங்கள். நாற்றம் இருந்தால், தீனி எடுக்காமல் காது தொங்கி நின்றால், ஒருநாள் கடந்தும் கொடி விழாமல் இருந்தால், இழுக்கிற ஆளைக் கூப்பிட விடாதீர்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. கூப்பிடச் சொல்லுங்கள்.